மூடி

போன ஐப்பசியில் மின்னல் படகில் விழவில்லை,
பக்கத்துத் தண்ணீரில் விழுந்தது.
அதற்கே செத்துப்போயின
அணைத்துப் பைக்குள் வைத்திருந்த இரண்டு வாக்கிடாக்கியும்.
ஓ.டி.யில் என் செல்போன் கடையில் வைத்துப் பிரித்தேன்.
கருகல் இல்லை. வாடை இல்லை.
தூங்குவதுபோல் கிடந்த போர்டை ஒருமுறை தடவிவிட்டு
தேறாது என்றேன்.
தேசிங்கு ஸ்க்ரூக்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் புது செட்டு, ஒரு ஜோடி.
பணம் ஏது என்றான்.
அக்கா கொடுத்தாள் என்றேன்.

சிங்காரத்தோப்பில் கடலுக்குப் போகாத செவ்வாய்.
முதலில் எவர்சில்வர் தூக்கு.
உள்ளே செட்டு, உலோகத்தில் உடம்பு படாமலிருக்க
பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சுற்றியிருந்தோம்.
அவன் தூக்கின் மேல் காதை வைத்து உட்கார,
நான் இன்னொன்றோடு ஐஸ் கம்பெனி வரை நடந்து
பட்டனை அழுத்தி
ஒன்று, ஒன்று, ஒன்று என்றேன்.
திரும்பி வந்தால்,
"பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கு."

இரண்டாவது குக்கர்.
ரப்பர் வளையம் ஆவியைத்தான் பிடித்து வைக்கும்,
குரலை விட்டுவிடும்.

மூன்றாவது அலுமினியத் தாள்,
பிரியாணிப் பொட்டலம்போல நாலு சுற்று.
சத்தமே இல்லை.
ஆனால் உப்புக்கும் ஈரக் கைக்கும்
அது ஒரு நாள் தாங்காது.

விசித்திரமான பரீட்சை.
பதில் வந்தால் ஃபெயில்,
வராவிட்டால் பாஸ்.
என் ஐந்து வாட் குரலை நிறுத்துகிற டப்பா
மின்னலையும் நிறுத்தும் என்று
சூடன் அடித்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.
என் குரலே புகுந்துவிடும் டப்பாவைக்
கடலுக்கு அனுப்பவும் மாட்டேன்.

நான்காவது ரஸ்க் தகரம்.
ஜெய்லாபுதீன் பேக்கரியில் கெஞ்சி வாங்கியது.
பூப்போட்ட பெயிண்ட்,
மூடியைக் கழற்ற ஸ்பூன் வேண்டும்,
அவ்வளவு இறுக்கம்.

ஐஸ் கம்பெனி வாசலில் ஆள் இல்லை.
காயப்போட்ட வாளைமீன்,
நிழலில் ஒரு நாய்.
நல்ல தகரம், ஒன்றும் உள்ளே போகாது
என்று நினைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

வளையல் அக்காகிட்ட இல்ல.
அக்கா காசும் தரல.
திருப்பாப்புலியூர் அடகுக் கடையில இருக்கு.
ரெண்டும்.

விரலை எடுத்தேன்.
நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

வீட்டுக்கு வந்தேன்.
அவன் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.
"கசியுது."
"என்ன கேட்டுச்சு?"
"நம்பர்தான்."
"எந்த நம்பர்?"
"நாலு."

பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டான்.
விளிம்பில் பெயிண்ட் இருக்கு,
தகரமும் தகரமும் தொடல, என்றான்.
சுரண்டினான். பூக்கள் உதிர்ந்தன,
மஞ்சளும் சிவப்பும் அவன் முழங்கால் மேல்.
நான் ஒன்றும் பேசாமல்
மூடியின் உள்வட்டத்தில் செப்பு டேப்பை ஒட்டினேன்.
ஓரிடத்தில் சுருக்கம் விழுந்தது;
அதை அவன் நகத்தால் நீவிவிட்டான்.

"இந்த வாட்டி நீ உக்காரு. நான் போறேன்."

வாசற்படியில் தகரத்தை வைத்துக் காதைப் பொருத்தினேன்.
ரஸ்க் வாசனை இன்னும் இருந்தது.
தெருக்கோடியில் அவன் நின்றான், முதுகைக் காட்டி,
செட்டை வாயருகே பிடித்து.

ஐந்து என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்.

அவன் இடது கை மேலே போனது, விரிந்தது,
இடுப்புக்கு வந்தது, மறுபடி மேலே போனது.
ஒருமுறை குனிந்து மணலைக் காலால் தள்ளினான்.
பேச்சு நின்றபாடில்லை.
தகரத்துக்குள்
ஒரு கொரகொரப்புகூட இல்லை.

வேர்த்து வந்து நின்றான். என் முகத்தைப் பார்த்தான்.
என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை.
"டப்பா பாஸ்" என்றேன்.